குடிநீரில் ஆர்சனிக் இருந்தால் இளம் வயதினரின் இதயம் பாதிக்கப்படுமா?

பாதிக்கப்படலாம். ஆர்சனிக் என்பது பாறையிலும் மண்ணிலும் இயற்கையாகவே இருக்கும் நச்சுப்பொருள். நிலத்தடி நீரில் கரைந்து கிணற்றுக்கு வந்துவிடும். நிறம், மணம், சுவை எதுவும் காட்டிக்கொடுக்காது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்.

அதற்கு மேல் பல வருடம் குடித்தால் ரத்தக் குழாயின் உட்சுவர் கெட்டு, குழாய் விறைக்கலாம். அப்புறம் இதயம் கூடுதல் அழுத்தத்தோடு ரத்தத்தைத் தள்ள வேண்டும். தினமும் பாரம் தூக்குபவரின் கை திரள்வதைப் போல, இடது கீழறையின் சுவர் தடிக்கும். கைக்கு அது பலம், இதயத்துக்குக் கேடு. அமெரிக்கப் பூர்வகுடி இளைஞர்களிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு, ஆர்சனிக்கையும் இந்தத் தடிப்பையும் தொடர்புபடுத்தியது. வெளியே அறிகுறியே தெரியாத வயதில் இது நடப்பதுதான் கவலை.

கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கிருமிதான் சாகும், நீர் ஆவியாகக் குறையக் குறைய ஆர்சனிக்கின் செறிவு கூடவே செய்யும்.