டி.எஸ். பாலையா: கேட்டதும் சொன்னதும்

பழைய படம் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், சாப்பாடு ஆறிப்போகும் வரை பேசுவேன் என்று வீட்டில் என்மேல் புகார் உண்டு. இந்த முறை பழைய தமிழ்ப்பட நடிகர் பாலையா பற்றிக் கேட்ட கேள்விகள் மட்டும்.

கேள்வி: அவருடைய முதல் படம் எது?

1936-இல் வந்த 'சதிலீலாவதி'. எம்.ஜி.ஆர்., எம்.கே.ராதா இருவருக்கும் அதுதான் முதல் படம். இயக்கிய அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கனுக்கும் அதுவே. எம்.ஜி.ஆருக்குச் சின்னதாக ஒரு போலீஸ் வேஷம். பாலையாவுக்கோ, நாயகனைக் குடிக்கப் பழக்கிக் குடியைக் கெடுக்கும் கூட்டாளி வேஷம்.

கேள்வி: 'ஒருநாள் போதுமா' அவரே பாடியதா?

இல்லை, பாலமுரளிகிருஷ்ணா. படம் 'திருவிளையாடல்' (1965), இசை கே.வி.மகாதேவன், வரிகள் கண்ணதாசன். இந்தச் சந்தேகம் வருவதே பாலையாவுக்குப் பெருமைதான். பாடகர் ஹேமநாத பாகவதராக, நாலு ஊர் வித்வான்களைத் தோற்கடித்த மமதையோடு தலையை ஆட்டிக்கொண்டு வாயசைப்பார், பாருங்கள். குரல் வேறு ஆளுடையது என்று சொன்னால்கூட மனசு ஒப்பாது.

கேள்வி: அறுபதுகளுக்கு முன் வெறும் வில்லன்தானே?

'வெறும்' எதற்கு? 'அம்பிகாபதி' (1937) ருத்ரசேனன், 'மதுரை வீரன்' (1956) நரசப்பன், இரண்டும் வில்லன்தான். நடுவில் 'வேலைக்காரி' (1949) வருகிறதே, அதில் நாயகனுக்குத் தோள்கொடுக்கும் தோழன் மணி. 'தூக்குத்தூக்கி'யில் (1954) தமிழைக் கடித்துத் துப்பும் சேட்டு. முப்பது விநாடித் துண்டு வீடியோவை வைத்து நடிகரை எடைபோடாதீர்கள். முழுப் படம் பாருங்கள்.

கேள்வி: ஜூனியர் பாலையா அவர் மகனா?

ஆமாம். 2023-இல் காலமானார்.

கேள்வி: பாலய்யா தொடை தட்டுவதில் எது பெஸ்ட்?

அது தெலுங்கு நடிகர் நந்தமூரி பாலகிருஷ்ணா, அந்தப் 'பாலய்யா'. அடுத்த தெரு.

கேள்வி: 'காதலிக்க நேரமில்லை' கதை சொல்லும் காட்சியில் எல்லாமே நாகேஷ்தான். பாலையா சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்?

வந்தீர்களா! 1964-இல் ஸ்ரீதர் எடுத்த படம். சினிமாப் பைத்தியம் பிடித்த மகன், அப்பாவிடம் பணம் கறக்கப் பேய்க்கதை சொல்கிறான். நாகேஷ் கையையும் காலையும் தொண்டையையும் சேர்த்துக் காடு, இருட்டு, கதவு எல்லாவற்றையும் கொண்டுவந்துவிடுகிறார், மறுக்கவில்லை. ஆனால் அங்கே பேயும் இல்லை, காடும் இல்லை. நமக்குப் பயமும் சிரிப்பும் எங்கிருந்து வருகிறது? பாலையாவின் முகத்திலிருந்து. வேண்டாவெறுப்பாகக் கேட்க ஆரம்பித்த எஸ்டேட் முதலாளி, கொஞ்சம் கொஞ்சமாகக் கண் விரிந்து, உடம்பு ஒடுங்கி, பாட்டி மடியில் கதை கேட்கும் பிள்ளையாகிவிடுகிறார். ஒரு தடவை அந்தக் காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். அப்புறம் வந்து 'சும்மா' என்று சொல்லுங்கள்.

கேள்வி: நாகேஷை மட்டம் தட்டுகிறீர்களா?

நான் நாகேஷ் பக்தன் ஐயா. இரண்டு பேர் இழுத்தால்தான் தேர் நகரும் என்கிறேன், அவ்வளவுதான்.

கேள்வி: இந்தியில் மெஹ்மூத் அதே காட்சியைச் செய்யவில்லையா?

செய்தார். 'ப்யார் கியே ஜா' (1966), கேட்கிறவர் ஓம் பிரகாஷ். அங்கேயும் கேட்க ஒரு நல்ல ஆள் தேவைப்பட்டது, கவனித்தீர்களா? இன்னொன்று: அதே தமிழ்ப் படத்தில், தான் வேலையைவிட்டு விரட்டிய பையன் பணக்காரன் மகன் என்று தெரிந்ததும், 'மகன்' என்ற சொல்லுக்கே மரியாதை விகுதி ஒட்டி 'மகர்' ஆக்கிவிடுவார் பாலையா. பணத்தின் முன்னால் தமிழ் இலக்கணமே குனிகிறது! அதற்கு நாகேஷ் பக்கத்தில் இருக்கத் தேவையில்லை.

கேள்வி: ஒருநாள் போதுமா யார் பாடியது?

பாலமுரளிகிருஷ்ணா. மேலே இருக்கிறது.

கேள்வி: அந்தப் பாட்டில் வரும் ராகங்கள்?

இசை தெரிந்தவரைப் பிடியுங்கள். நான் முகம் பார்க்கிறவன்.

கேள்வி: என்ன சம்பளம் வாங்கினார்?

வருமான வரி ஆபீசில் கேளுங்கள்.

கேள்வி: ஐயா, ஒருநாள் போதுமா அவர் சொந்தக் குரலா?

மேலே. இரண்டு தடவை.

கேள்வி: 'தில்லானா மோகனாம்பாள்' தவில்காரர் வேஷம் பற்றிச் சொல்லுங்களேன்.

இப்படிக் கேளுங்கள். 1968, ஏ.பி.நாகராஜன் படம். நாதஸ்வர ஓசை மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. தவில் முத்துராக்கு பாலையா. தவில் வாசிக்கிறவருக்குக் கையை விடக் காது முக்கியம். நாதஸ்வரம் போகிற போக்கைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நாதஸ்வரக்காரராக வரும் சிவாஜிக்குக் கோபம் ஏறும் இடங்களில் கேமரா அவர் மேல்தான் இருக்கும், நம் கண்ணும் அங்கேதான் போகும். அடுத்த தடவை பார்க்கும்போது ஓரத்தில் முத்துராக்கு என்ன செய்கிறார் என்று மட்டும் பாருங்கள். 'திருவிளையாடல்' திண்ணையில் ராத்திரி விறகுவெட்டி பாடுவதைக் கேட்டு, அந்த ஹேமநாத பாகவதரின் மமதை வடிகிறதே, அதையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே பாடுவது டி.எம்.சௌந்தரராஜன். அதையும் கேட்க வராதீர்கள்.