பழைய குவாரிகளில் வாழும் கருநிற ஈரலுருத் தாவரம்: கேள்வி பதில்

கேள்வி: சௌத்பியா நைக்ரெல்லா என்னும் அரிய ஈரலுருத் தாவரம் (சுவர்ப்பாசி போன்ற சிறு தாவரம்; ஆங்கிலத்தில் liverwort) கைவிடப்பட்ட குவாரிகளில் மட்டும் வளர்வது ஏன்?

பதில்: ‘மட்டும்’ என்பதை நீக்கிவிடுங்கள். மத்தியதரைக் கடலை ஒட்டிய சுண்ணாம்புப் பாறைகளில் பரவியுள்ள இத்தாவரத்துக்குப் பிரிட்டனின் தென்கரை வடக்கு விளிம்பு என்பதால்தான் அங்கே அது அரியதாகிறது. அங்கும் போர்ட்லண்ட் தீவின் பழைய குவாரிகள் அதற்குப் புகலிடமாக இருக்கின்றன. இதற்கு வேர் கிடையாது. ஒற்றைச் செல்லாலான இழைகளால் கல்லைப் பற்றிக்கொண்டு, உடல் முழுவதாலும் நீரை உறிஞ்சுகிறது. ஆகவே ஆழமான மண் இதற்குத் தேவையில்லை. அத்தகைய மண் இருந்தால் புல்லும் புதரும் முந்திக்கொள்ளும். வெட்டி விடப்பட்ட சுண்ணாம்புக் கல்லின் ஈரமான இடுக்கும், அதன்மேல் படிந்த மெல்லிய மண்ணும் போதும்.

கேள்வி: என் சுவரில் கரும்பச்சைப் படலம் இருக்கிறது. இதுதானா?

பதில்: பெரும்பாலும் இல்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடியில் பாருங்கள்: ஈரமான தண்டில் இலைகள் எதிரெதிர் இணைகளாக அமைந்திருக்க வேண்டும்; ஈரலுருத் தாவரங்களில் இது அபூர்வமான அமைப்பு. காய்ந்திருந்தால் ஒரு சொட்டு நீர் விட்டுக் காத்திருங்கள். சுரண்டி எடுக்காதீர்கள்.

கேள்வி: என் தொட்டியிலுள்ள பச்சைப் பாசியும் இதுவாக இருக்குமா?

பதில்: முந்தைய பதிலைப் படியுங்கள். ‘பாசி’ என்ற ஒரே சொல்லால் நீர்ப்பாசியையும் சுவர்ப்பாசியையும் நாம் அழைப்பதே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். சுரண்டாதீர்கள்.

கேள்வி: பெயரில் ஈரல் இருக்கிறதே, கல்லீரல் நோய்க்கு உதவுமா?

பதில்: உதவாது. உருவ ஒற்றுமையால் வந்த பெயர் அது. நோய்க்கு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: குவாரி என்பது நிலத்தில் விழுந்த காயம். மண் நிரப்பி மரம் நடுவதல்லவா சீரமைப்பு?

பதில்: எல்லாக் குவாரிக்கும் அது பொருந்தாது. இங்கே மண்ணைக் கொட்டினால் இத்தாவரம் அதன் அடியில் புதைந்துபோகும்.

கேள்வி (அவரே): அப்படியானால் யாரும் தொடாமல் விட்டால் போதுமே?

பதில்: போதாது. போர்ட்லண்டில் தோட்டங்களிலிருந்து தப்பிய கோட்டோனியாஸ்டர் புதரின் பழங்களைப் பறவைகள் தின்று விதைகளைப் பரப்புகின்றன. அது கல்லின்மேல் படர்ந்து வெளிச்சத்தை மறைத்துவிடுகிறது. கைவிடப்பட்ட குவாரி அசையாமல் நிற்பதில்லை; ஆண்டுதோறும் இலைச்சருகு மண்ணாகிறது, மண் புதரை அழைக்கிறது.

கேள்வி (அவரே): தொடாதே என்கிறீர்கள், புதரை வெட்டு என்றும் சொல்கிறீர்கள்!

பதில்: தாவரத்தைத் தொடாதீர்கள், அதை மூடுவதை வெட்டுங்கள். வெட்டிய கிளைகளை அந்தக் கல்லின் மேலேயே குவித்துவிட்டுப் போகவும் கூடாது.