டெக்சாஸில் திருமண உரிமம் வாங்க எப்போது போக வேண்டும்?

அடுத்த மாதம் டெக்சாஸில் கல்யாணம், உரிமத்துக்கு எப்போது போவது என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து முகூர்த்தத்துக்கு முதல் நாள் போய் நிற்காதீர்கள். உரிமம் கையில் கிடைத்து 72 மணி நேரம் கழிந்த பிறகே சடங்கு நடத்தலாம். 90 நாளுக்குள் நடத்திவிடவும் வேண்டும். பணியில் இருக்கும் ராணுவத்தினருக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. உரிமம் தருவது கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) கிளார்க் அலுவலகம்; எந்த கவுண்டியானாலும் சரி, இருவரும் நேரில் போங்கள். அடையாளத்துக்கு பாஸ்போர்ட் போதும், அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை. விவாகரத்தானவர் என்றால் பொதுவாக தீர்ப்பிலிருந்து 30 நாள் ஆகியிருக்க வேண்டும்.

அப்புறம் ஒன்று. நடத்திவைத்த புரோகிதர் உரிமத்தை நிரப்பிக் கையெழுத்திட்டு, சடங்கு முடிந்து 30 நாளுக்குள் உரிமம் தந்த அதே அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். கல்யாணக் களேபரத்தில் எளிதில் மறந்துபோகும் வேலை இது. பொறுப்பான மாமா ஒருவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.