இஃப் என்றதும் வாயடைத்துப்போகும் மகளுக்கு

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் அம்மா. பயிற்சிப் புத்தகத்தில் கோடிட்ட இடங்களை எல்லாம் சரியாக நிரப்பும் மகள், மாதிரி நேர்முகத் தேர்வில் 'இஃப்' என்று ஒரு கேள்வி வந்ததும் பேச்சற்றுப்போகிறாள். இன்னொரு கோச்சிங் வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். கடைசி வரியில் 'எனக்கு இங்கிலீஷ் தெரியாது, என்னால் அவளுக்கு உதவ முடியவில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்தப் பாடத்தில் அவளுக்குத் தேவைப்படுவதே உங்கள் தமிழ்தான்.

புத்தகத்தில் பாதி வாக்கியம் ஏற்கெனவே அச்சாகியிருக்கும். பக்கத்திலேயே வினைச்சொல்லையும் கொடுத்துவிடுவார்கள். பல புத்தகங்களில் 'இரண்டாம் வகை' என்று மேலே தலைப்பே இருக்கும். பேசும்போது அந்தத் தலைப்பு கிடையாது. நான் சொல்லப்போவது நடக்கக்கூடியதா (முதல் வகை), வெறும் கற்பனையா (இரண்டாம் வகை), முடிந்துபோன கதையா (மூன்றாம் வகை) என்று முதலில் தீர்மானித்தாக வேண்டும். உங்கள் மகளுக்கு இலக்கணம் தெரியும். இந்தத் தீர்மானத்தை எடுத்துத்தான் பழக்கமில்லை.

வகுப்பில் கடைசியாக நடத்துவதும் எல்லோரும் பயப்படுவதும் மூன்றாம் வகை. எனக்கு அதுதான் சுலபமானது என்று தோன்றும். 'நீ சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேன்.' இதை வீட்டில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஆங்கிலத்தில் 'இஃப் யூ ஹேட் டோல்ட் மீ, ஐ வுட் ஹேவ் கம்.' 'சொல்லியிருந்தால்' என்பதில் இருக்கும் 'இரு' அங்கே 'ஹேட்' ஆகிறது. 'வந்திருப்பேன்' என்பதில் இருக்கும் 'இரு' அங்கே 'ஹேவ்' ஆகிறது. இரண்டு பக்கமும் 'இரு' வந்தால் பெரும்பாலும் மூன்றாம் வகைதான் என்று மாணவர்களிடம் சொல்வேன். இலக்கண ஆசிரியர்கள் முகம் சுளிக்கலாம். பேசுகிறவருக்கு இது கைகொடுக்கிறது.

சறுக்கல் இரண்டாம் வகையில். 'பணம் இருந்தால் வண்டி வாங்குவேன்' என்று ஒருவர் சொல்கிறார். நாளை சம்பளம் வரப்போகிறவர் சொன்னால் 'இஃப் ஐ ஹேவ் தி மனி, ஐ வில் பை எ பைக்.' பையில் ஒன்றுமில்லாமல் கனவு காண்கிறவர் சொன்னால் 'இஃப் ஐ ஹேட் தி மனி, ஐ வுட் பை எ பைக்.' தமிழில் இரண்டுக்கும் ஒரே வாக்கியம் போதும். குரலும் சூழ்நிலையும் மீதியைச் சொல்லிவிடும். ஆங்கிலம் வினைச்சொல்லையே மாற்றச் சொல்கிறது. 'ஹேட்' என்றதும் இறந்தகாலம் என்று மகள் குழம்பலாம். இங்கே அது நேற்றைக் குறிக்கவில்லை. நிஜத்திலிருந்து ஓரடி தள்ளி நிற்கிறேன் என்பதற்கான அடையாளம். 'இஃப் ஐ வேர் யூ' என்பதும் அப்படித்தான். மற்ற வாக்கியங்களில் 'வேர்' வர வேண்டிய இடத்தில் பேச்சில் சிலர் 'வாஸ்' என்பார்கள். 'இஃப் ஐ வேர் யூ' மட்டும் பேச்சிலும் அநேகமாக மாறாது. தேர்விலும் எழுத்திலும் 'வேர்' போட்டால் வம்பில்லை.

நேர்முகத் தேர்வில் கேட்பதில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகைதான். 'வாட் வுட் யூ டூ இஃப் யுவர் டீம் லீடர் ரிஜெக்டட் யுவர் ஐடியா?' கேள்விக்குள்ளேயே 'வுட்' உட்கார்ந்திருக்கிறது. அதையே பிடித்துக்கொண்டு 'ஐ வுட் ஃபர்ஸ்ட் ஆஸ்க் ஒய்' என்று தொடங்கினால் போதும். 'இஃப்' பகுதியைத் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்தடுத்த வாக்கியங்களும் 'வுட்' என்றே போகட்டும். வாய் தவறி 'வில்' வந்தாலும் அதற்காக யாரும் வேலை இல்லை என்று சொல்லிவிட மாட்டார்கள். பேசாமல் உட்கார்ந்திருப்பதுதான் பெரிய நஷ்டம். கல்லூரி ப்ராஜெக்ட் பற்றிப் பேச்சு வந்தால் 'வாட் வுட் யூ ஹேவ் டன் டிஃபரன்ட்லி?' என்றும் கேட்கலாம். மூன்றாம் வகை அங்கே உதவும்: 'இஃப் ஐ ஹேட் டெஸ்டட் இட் எர்லியர், ஐ வுட் ஹேவ் சேவ்ட் டைம்.'

வெளிநாட்டுப் படிப்பு எண்ணம் இருந்தால், ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம்தான். அதன் மூன்றாம் பகுதியில் இப்படி ஊகித்துப் பேசவைக்கும் கேள்விகள் வரும். மதிப்பெண் பார்க்கும் 4 அளவுகோல்களில் இலக்கணமும் ஒன்று. இதே பயிற்சி அதற்கும் உதவும்.

தமிழிலிருந்து நேராக இறங்கி வரும் சில தவறுகள் உண்டு. என் எதிரே உட்காரும் பத்துப் பேரில் பாதிப்பேராவது 'யூ கம் மீன்ஸ் ஐ வில் டெல்' என்பார்கள். நம் 'வந்தாயென்றால்' அப்படியே 'மீன்ஸ்' ஆகிவிட்டது. 'வந்தால்தான் தருவேன்' என்பது 'தென் ஒன்லி' ஆகும். அங்கே 'ஐ வில் கிவ் இட் ஒன்லி இஃப் யூ கம்' வேண்டும். 'அன்லெஸ்' போட்டுவிட்டுப் பின்னாலேயே 'டோன்ட்' சேர்ப்பது இன்னொன்று. 'அன்லெஸ்' வயிற்றுக்குள்ளேயே 'இல்லாவிட்டால்' இருக்கிறது. அப்புறம் 'இஃப் இட் வில் ரெய்ன்'. நாளை மழை என்றாலும் 'இஃப் இட் ரெய்ன்ஸ்'தான். 'இஃப்' பக்கம் 'வில்' வருகிற விதிவிலக்குகள் உண்டு, அவை இப்போது வேண்டாம்.

சரி, வீட்டில் என்ன செய்வது? இரவில் பத்து நிமிடம். நீங்கள் தமிழில் கேளுங்கள், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லட்டும். கேள்வி அன்றைய நாளிலிருந்தே வர வேண்டும்.

'காலையில் பஸ்ஸை விட்டாயே, ஐந்து நிமிடம் முன்னால் கிளம்பியிருந்தால்?'

'இஃப் ஐ ஹேட் லெஃப்ட் ஃபைவ் மினிட்ஸ் எர்லியர், ஐ வுட் ஹேவ் காட் தி பஸ்.'

'நாளைக்கும் அலாரம் அடிக்கவில்லை என்றால்?'

'இஃப் தி அலாரம் டஸன்ட் ரிங், ஐ வில் பி லேட் அகெய்ன்.'

'நீயே உன் கல்லூரிக்கு முதல்வராக இருந்தால்?'

இந்த மூன்றாவதில்தான் அவள் கொஞ்சம் யோசிப்பாள். யோசிக்கட்டும். அவள் சொன்னது சரியா தவறா என்று உங்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. 'இது நடக்குமா, கற்பனையா, முடிந்த கதையா?' என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லும்போதே தன் வாக்கியத்தைத் தானே திருத்திக்கொள்வாள். பாதியில் நிறுத்தித் திருத்த மட்டும் யாரையும் விடாதீர்கள், அண்ணன்மார் இருந்தால் அவர்களையும் சேர்த்துத்தான்.

முதல் வாரம் முழுக்கக் கற்பனைக் கேள்விகளே இருக்கட்டும். மூன்று வகையையும் கலப்பது அதற்கப்புறம். வாக்கியத்தைத் திருப்பிப் போடவும் பழகட்டும்: 'ஐ வில் கால் யூ இஃப் ஐ கெட் டைம்.' நம் மொழியில் நிபந்தனை வழக்கமாக முன்னால் வரும், அதனால் இந்த வரிசை நாக்கில் ஏற நாளாகும். எழுதும்போது 'இஃப்' முதலில் வந்தால் நடுவில் காற்புள்ளி, பின்னால் வந்தால் பொதுவாக வேண்டாம்.

பத்தாவது நாள் அவள் பேசுவதை அலைபேசியில் பதிவு செய்து எனக்கு அனுப்புங்கள், உங்கள் கேள்விகளோடு சேர்த்து. எந்த இடத்தில் 'வில்' நுழைந்துவிடுகிறது என்று கேட்டுச் சொல்கிறேன். கோச்சிங் வகுப்புப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.