எக்கோவில் 13 மி.மீ. வந்தால் சைக்கிளை விற்றுவிட வேண்டுமா?

தம்பிக்கு 20 வயது, சைக்கிள் ரேஸ் ஓட்டுகிறான், எக்கோவில் (ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கிற டெஸ்ட்) இதயச் சுவரின் தடிமன் 13 மி.மீ. என்று வந்திருக்கிறது, சைக்கிளை விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விற்காதீர்கள். ஆனால் தெளிவாகத் தெரியும்வரை அவனை ஓட்டவும் விடாதீர்கள். (நான் டாக்டர் இல்லை, பி.காம். திட்ட வருகிறவர்கள் முழுதும் படித்துவிட்டு வரவும்.)

2022-இல் எனக்கு 21 வயது. அடையாற்றில் துடுப்பு வலித்துக்கொண்டிருந்தேன், வாரத்தில் ஆறு நாள், காலை ஐந்தரைக்கெல்லாம் தண்ணீரில் இருப்போம். ஒரு போட்டிக்கு மெடிக்கல் சர்டிபிகேட் கேட்டார்கள், ஈசிஜியில் ஏதோ இருக்கிறது என்று எக்கோவுக்கு அனுப்பிவிட்டார்கள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஏசி குளிரில் நெஞ்சில் ஜெல்லைத் தடவி, விலா எலும்புகளுக்கு நடுவே அழுத்தி அழுத்தித் தேடினார் அந்த அக்கா. துடிப்பு 44 என்று காட்டியது. ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினார், அப்போதும் 44. ரிப்போர்ட்டில் இதயத்தின் நடுச்சுவர் 13.5 மி.மீ. அதைப் பார்த்த டாக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் அப்பாவிடம், "ஹைபர்டிராபிக் கார்டியோமயோபதி மாதிரி இருக்கு, இனிமே ஸ்போர்ட்ஸே வேண்டாம்" என்றார். இதயத் தசை தானாகவே தடித்துப்போகிற நோய் அது. என்ன விளையாட்டு என்று கேட்கவே இல்லை. இன்றுவரை எனக்கு ஆறாதது அதுதான்.

அப்பா முந்தைய வருடம்தான் டிவியில் டென்மார்க் கால்பந்து வீரர் எரிக்சன் மைதானத்தில் சுருண்டு விழுந்ததைப் பார்த்தவர். அன்று இரவே போனில் தேடி மார்க்-விவியன் ஃபோவையும் கண்டுபிடித்துவிட்டார். காமரூன் கால்பந்து வீரர், 2003-இல் லியோனில் கொலம்பியாவோடு நடந்த அரையிறுதியில் விழுந்து இறந்தார், 28 வயது, பிரேதப் பரிசோதனையில் சொன்னது இதே நோய். அதற்கப்புறம் என்னை ஒரு சிலிண்டர் தூக்க விடவில்லை.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டரின் முதல் கேள்வி, "என்னப்பா விளையாடுற?" துடுப்பு என்றதும் சிரித்தார். அதே ரிப்போர்ட்டில் வேறொரு வரியைப் பேனாவால் சுழித்தார்: இடது கீழறையின் விட்டம் 58 மி.மீ. இந்த நோயில் அறை பெரும்பாலும் சின்னதாக இருக்கும், 45-க்குக் கீழேகூடப் போகும். பயிற்சியால் வளர்ந்த இதயத்தில் சுவரும் தடிக்கும், அறையும் 55-க்கு மேல் விரியும். முதல் டாக்டரிடமும் இருந்தது இதே தாள்தான்! 1991-இல் இத்தாலியில் 947 முன்னணி வீரர்களுக்கு எக்கோ எடுத்ததில் 16 பேருக்குத்தான் சுவர் 13 அல்லது அதற்கு மேல் இருந்ததாம். அதில் 15 பேர் துடுப்பு, கனூ ஆட்கள், மீதி ஒரே ஒருவர் சைக்கிள்காரர். உங்கள் தம்பிக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஆனாலும் அவர் உடனே விட்டுவிடவில்லை. மூன்று மாதம் பயிற்சியே கூடாது, அப்புறம் மறுபடி எக்கோ, கூடவே இதய எம்.ஆர்.ஐ. என்றார். பயிற்சியால் வந்த தடிப்பு என்றால் ஓய்வில் இறங்கும், நோய் என்றால் பெரும்பாலும் இறங்காது. அந்த மூன்று மாதமும் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தபோதுதான் அந்த ஆற்றின் நாற்றமே எனக்கு உறைத்தது. சாக்கடைத் தண்ணீர், ஆகாயத்தாமரை, மிதக்கிற தெர்மாகோல். எந்த ஆட்சி வந்தாலும் ஆற்றைச் சுத்தம் செய்வதாகச் சொல்கிறார்கள், இந்தத் தண்ணீரில் பழகிவிட்டுப் பதக்கமும் வாங்கி வா என்கிறார்கள். சரி, அது வேறு கதை.

எம்.ஆர்.ஐ.யில் ஏற்கெனவே ஒருமுறை தொடைத் தசை கிழிந்ததற்குப் படுத்திருக்கிறேன், அதற்கு அசையாமல் கிடந்தால் போதும். இதயம் அசையாமல் இருக்குமா? நெஞ்சில் ஈசிஜி ஒட்டி, துடிப்புக்கு ஏற்பப் படம் பிடிக்கிறார்கள், "மூச்சை விட்டுட்டு அப்படியே பிடிங்க" என்று மைக்கில் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கும். பிறகு கையில் மருந்து ஏற்றிப் பத்து நிமிடம் காத்திருந்து மறுபடி எடுப்பார்கள், தசையில் தழும்பு இருந்தால் வெள்ளையாகத் தெரியும். எனக்கு வெள்ளை எதுவும் இல்லை. சுவர் 11.5-க்கு இறங்கியிருந்தது.

ஒன்று மட்டும் பாக்கி. குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று போயிருக்கிறார்களா என்று கேட்டார், இது பரம்பரையாக வருகிற நோயாம். அம்மாவின் தாய்மாமா 34 வயதில் மாரடைப்பில் இறந்தார் என்பதுதான் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அதைச் சொன்னதும் டாக்டர் முகம் மாறிவிட்டது. அம்மா பெரியம்மாவுக்குப் போன் போட்டார். பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம், "மாரடைப்பெல்லாம் இல்லடி, குடிச்சிட்டுக் கிணத்துல விழுந்தாரு, மானம் போகும்னு அப்படிச் சொல்லி வெச்சோம்" என்றார். நீங்களும் தம்பியை அழைத்துக்கொண்டு போகும்முன் வீட்டிலேயே வயதானவர் யாரோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.