அம்மாகிட்ட கேட்டீங்களா?

கேள்வி: திருநெல்வேலில தனியார் ஸ்கூல்ல கணக்கு டீச்சரா இருக்கேன், சம்பளம் 18,000. ஷார்ஜால ஒரு ஸ்கூல்ல எல்லாம் சேத்து 3,500 திர்ஹாம் சொல்றாங்க, மாலத்தீவுக்கும் ஒரு ஏஜென்ட் கூப்பிடுறார். எங்க போனா அதிகம் மிஞ்சும்? கணவருக்கு உள்ளூர்ல வேலை, அவருக்கும் ஓகே. 6 வயசு பொண்ணை அம்மா பாத்துப்பாங்க. அவங்களுக்கு முட்டி தேய்மானம், வீடு மாடில. இன்னும் சொல்லல, ஆனா மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க.

பதில்: 3,500 திர்ஹாம்னா நம்ம காசுக்கு 80,000க்கு மேல வருதேன்னு 18,000 பக்கத்துல வெச்சுப் பாக்குறீங்க, ஆனா செலவும் திர்ஹாம்லதானே, பெட் ஸ்பேஸ் (பலரோட ஒரே ரூம்ல ஒரு கட்டில்) வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் போக என்ன நிக்குதுன்னு அங்க வேலை பாக்குற டீச்சர்கிட்ட கேளுங்க, ஏஜென்ட்கிட்ட இல்ல. ஆஃபர் லெட்டர்ல பேசிக் எவ்வளவுன்னு பாருங்க. முதல் 5 வருஷத்துக்கு வருஷம் 21 நாள் சம்பளம்னு, வேலையை விட்டு வரும்போது தர்ற கிராஜுவிட்டியை பேசிக்கை வெச்சுதான் போடுவாங்க. மாலத்தீவுன்னா சம்பளம் அந்த ஊர் காசு ருஃபியால, அதை டாலரா மாத்தி ஊருக்கு அனுப்ப பேங்க்ல லிமிட் இருக்கு.

இதெல்லாம் விசாரிச்சா தெரிஞ்சிடும். எனக்கு மனசு கேக்காதது கடைசி வரிதான். மாட்டேன்னு சொல்ல மாட்டாங்கன்னா அதுக்குப் பேரு சம்மதமாம்மா? அவங்களுக்கு மறுக்கத் தெரியாதுன்னு தெரிஞ்சேதானே கேக்காம வெச்சிருக்கீங்க. காலைல ஸ்கூல் வேன் கீழ நின்னு ஹார்ன் அடிக்கும், ஒரு கையில குழந்தையோட பேக், இன்னொரு கையில கைப்பிடின்னு ஒவ்வொரு படிக்கும் ரெண்டு காலையும் வெச்சு வெச்சு இறங்குவாங்க, ராத்திரி குழந்தைக்கு காய்ச்சல்னா யாரு ஓடுறது? ரெண்டு நாட்டுச் சம்பளத்தைக் கணக்கு போட்ட டீச்சர், அம்மா பாக்கப்போற வேலைக்கு ஒரு ரூபா எழுதல. உள்ளூர்லயே இருக்குற அப்பா என்ன பண்ணுவார்னும் எழுதல, அவரு பொண்ணுதானே அது? நம்மள வளத்ததோட பெத்தவங்க கடமை முடிஞ்சது, இனி பாக்க வேண்டியது நாமதான், இதுல எனக்கு ரெண்டாவது பேச்சே கிடையாது.

இன்னொன்னு, ஷார்ஜா இருக்குற எமிரேட்ஸ்ல குடும்பத்தைக் கூட்டிட்டு வர 4,000 திர்ஹாம் சம்பளம் வேணும், இல்ல 3,000மும் தங்க வீடும் வேணும். அதனால ஸ்கூல்ல 500 கூட கேளுங்க, இல்ல வீடு கேளுங்க, பொண்ணை உங்களோடயே வெச்சுக்க வழி பிறக்கும்.

முதல்ல இந்த ஞாயித்துக்கிழமை அம்மா பக்கத்துல உக்காந்து கேளுங்க. உடனே சரின்னுடுவாங்க, அதை எடுத்துக்காதீங்க. ரெண்டு நாள் கழிச்சு உங்க வீட்டுக்காரரையும் கூட வெச்சுக்கிட்டு மறுபடி கேளுங்க.