ரோசா பார்க்ஸ் களைப்பாக இருந்ததால்தான் எழுந்திருக்கவில்லையா?

கால் வலியால்தான் கறுப்பினப் பெண்ணான ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் வெள்ளையருக்காக எழ மறுத்தார் என்று மகளுக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள், அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. 1955 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகரில் கைதானபோது அவருக்கு 42 வயதுதான். தையல் வேலை பார்த்தவர். கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தில் உள்ளூர்க் கிளைச் செயலாளராகவும் இருந்தவர். பின்விளைவு தெரிந்தேதான் மறுத்தார்.

அந்த பஸ்களின் வழக்கத்தைக் குழந்தைக்கு விவரமாகச் சொல்லுங்கள். கறுப்பினத்தவர் பல நேரம் முன்வாசலில் ஏறிக் காசு கொடுத்துவிட்டு, கீழே இறங்கிப் போய்ப் பின்வாசலில் ஏற வேண்டும். அதற்குள் பஸ் கிளம்பிவிடுவதும் உண்டு. எவ்வளவு பெரிய அவமானம்! ரோசா உட்கார்ந்திருந்தது வெள்ளையர் பகுதியில்கூட அல்ல, அதற்கு அடுத்த வரிசையில். இடமில்லாமல் நின்ற ஒரே ஒரு வெள்ளையருக்காக அந்த வரிசையின் நான்கு பேரும் எழ வேண்டும் என்றார் ஓட்டுநர். மூவர் எழுந்தார்கள்.

கிளாடெட் கால்வினை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஒன்பது மாதங்களுக்கு முன்பே, அதே ஊரில், அதேபோல் எழ மறுத்துக் கைதான 15 வயதுப் பள்ளி மாணவி அவர். ரோசா கைதானதை எதிர்த்து அந்நகரக் கறுப்பின மக்கள் நடத்திய 381 நாள் பஸ் புறக்கணிப்பு ஒருபுறம் நடந்தது. மறுபுறம் நீதிமன்றத்தில் வாதிகளாக நின்ற நான்கு பெண்களில் கிளாடெட்டும் ஒருவர். அந்த வழக்கில்தான், பஸ்ஸில் இனப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பை 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.